சடையப்பன் நிலத்தில் என் குட்டை

திருப்புலிவனம்,
மாசி, வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த வேதகிரி அண்ணனுக்கு,

தங்கை வளர்மதி எழுதுவது. நான் நலம், மாடு நலம், கிணறு மட்டும் நலமில்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் முன்பு மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. அதன்பின் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் அடியில் ஏதோ மினுங்குவது போலிருந்தது. கண் செய்கிற வேலை என்று திரும்பிவந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் கோபித்து வைத்துவிடுவீர்கள்.

மாசிக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்றீர்கள், நானும் சரி என்றேன். அதனால்தான் அரசுத் திட்டத்தில் பண்ணைக்குட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். விவசாய ஆபீசில் கேட்டால் குட்டைக்கு இன்ஜினியரிங் ஆபீஸ் என்றார்கள், அங்கே போனால் சிறு விவசாயி சான்று எங்கே என்றார்கள், அதற்கு வி.ஏ.ஓ.விடம் போனால் அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "டீச்சராட்டம் கீறீங்க, விவசாயின்றீங்களே" என்றார். காலைப் பாருங்கள் சார் என்று சேற்றுக் காலைக் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. கடைசியில் ஆவணி மாதம் ஆல்பர்ட் என்ற களப்பணியாளர் வந்தார். குட்டை வெட்டப்போகும் இடத்தில் என்னை நிற்கவைத்து, இடக்குறிப்போடு போட்டோ எடுத்து, அங்கிருந்தே போனில் ஏற்ற வேண்டுமாம். நம் நிலம் பள்ளமல்லவா, சிக்னல் கிடைக்கவில்லை.

"யக்கா, இங்க டவரே இல்ல. அந்தாண்ட மேட்டுல வந்து நில்லுங்க."

"அது சடையப்பன் நிலம் சார்."

"போட்டோல உங்க மொகம் தெரிஞ்சா போதும். நெலத்து மேல இன்னா பேரா எழுதிகீது?"

நின்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அடுத்த வாரம் நான் ஏனாத்தூருக்கு வேலைக்குப் போயிருந்த நாளில் பொக்லைன் வந்து, போட்டோ காட்டிய இடத்தில் ஒழுங்காக வெட்டி, "பயனாளி: வளர்மதி" என்று பலகையும் நட்டுவிட்டுப் போய்விட்டது. மகள் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்த சடையப்பன் திரும்பிவந்து பார்த்தார்.

"இன்னாமே வளரு, உன் பேர்ல போர்டு, என் நெலத்துல பள்ளம். நான் எங்க பயிர் வெக்கறது, உன் தல மேலயா?"

ஆபீசுக்கு ஓடினேன். "கம்ப்யூட்டர்ல முடிஞ்சிட்ச்சி மேடம். ஒரு ஆளுக்கு ஒரு குட்டதான். அத்த மூடிட்டு, மூடின போட்டோ ஏத்துங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். அதற்குள் ஐப்பசி மழையில் குட்டை நிரம்பிவிட்டது. மூடலாமா என்று சடையப்பனைக் கேட்டேன். "மூடறதா? உள்ள தண்ணி கீதே, அத்த எத்துல எட்த்துகினு போவே, பையிலயா?" என்றார். இப்போது என் பலகையில் வேட்டி உலர்த்துகிறார். கரையில் சுரைக்கொடி படரவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் குட்டைக்கு வாடகை போல ஒரு காயை நம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். நானும் கோபத்தோடுதான் சமைக்கிறேன். யோசித்துப் பார்த்தால் யார்மேலும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அங்கே போய் நின்றவை என் கால்கள்தானே.

ஆகையால் பேச்சு மாறமாட்டேன். திங்கட்கிழமை அவர்களை அழைத்து வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேர்க்கடலை பூவோடு வாடி நிற்கிறது. நீங்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டாம், ரோட்டிலேயே நின்றுவிடுங்கள்.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நிழலில் உட்கார்ந்து பிழைக்க அத்தையின் ஆசிகள்.

தங்கள் தங்கை,
வளர்மதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி போனேன். வாளியை விட்டேன், தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. கயிறு என் உயரத்துக்கு நனைந்து வந்தது, பன்னிரண்டு நாள் இறைக்காமல் விட்டதில் ஊறிய தண்ணீர். போன மாசியில் இந்தக் கிணற்றில் தவளைகூட இல்லை. சடையப்பன் மேட்டில் தேங்கிய தண்ணீர் இத்தனை மாதமாக நம் பள்ளத்துக்கு ஊறிக்கொண்டிருக்கிறது, சிக்னல் வராத அதே பள்ளத்துக்கு. திங்கட்கிழமை வர வேண்டாம் அண்ணா. நிலத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன், குட்டையையும் மூடச் சொல்லமாட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சடையப்பனிடம்கூட. சொன்னால் சுரைக்காய் நின்றுவிடும்.