என் பாலமும் ஏழு கிலோ பிரியாணியும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததை மறந்துவிடுவோம்; ஆனால் படிக்காத இன்ஜினியரிங் எல்லாம் தெரியும் என்று நம்புவோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான், காட்டாங்குளத்தூருக்கு மேற்கே நாங்கள் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் ஒரு பாலம் கட்டினேன். பாலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினாலு அடி நீளம், ஐந்தடி அகலம். ஆனால் கட்டி முடித்த அன்று நான் அதன் மேல் நடந்த நடையைப் பார்த்திருந்தால், கடலுக்குக் குறுக்கே கட்டியவன் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

நிலம் அறுபது சென்ட். ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் போகும் ஓடை ஒன்று அதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டோரமாக ஒரு வேப்பமரத்தோடு சின்னத் துண்டு இந்தப் பக்கம். மிச்சம் அத்தனையும் அந்தப் பக்கம். கோடையில் ஓடையில் இறங்கி ஏறிப் போய்விடலாம். மழைக்காலத்தில் நம் நிலத்தை நாமே இங்கிருந்து வேடிக்கை பார்க்கலாம். (விற்றவர் இதை "நேச்சுரல் பவுண்டரி" என்றார். நானும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினேன்.)

என் மனைவி நஸ்ரீன் படித்தது சிவில் இன்ஜினியரிங். வேலை பார்ப்பது நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். அதாவது, அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவள். நான் பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வீடும் பல்லாவரத்திலேயே என்பதால் எனக்கு வேலைக்குப் போக பத்து நிமிஷம். அவளுக்குப் போக வர மூன்று மணி நேரம். அதனால் நிலத்தை விற்றுவிட்டு நாவலூரில் ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்பது அவளுடைய அண்ணன், என் மச்சான் சலீமின் கட்சி. அவளும் பாதி அந்தக் கட்சிதான். நியாயமும் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் அந்த நிலம் என்றால் எனக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் சும்மா நின்றுவிட்டு வந்தாலே ஒரு வாரம் தாங்கும்.

இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். மூடிப்போன ஒரு பீச் ரிசார்ட்டிலிருந்து ஏடிவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தேன். பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார், குண்டுகுண்டாக நாலு சக்கரம், பின்னால் இழுத்துப் போக ஒரு குட்டி ட்ரெய்லர். எரு ஏற்ற, தென்னங்கன்று ஏற்ற என்று வீட்டில் காரணம் சொன்னேன். (ஆசை என்ற காரணத்தை எந்த வீட்டில்தான் ஒப்புக்கொள்கிறார்கள்?) நஸ்ரீன் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். நிலத்துக்குப் போக வழியைக் காணோம், அதற்குள் வண்டி வந்து நிற்கிறதே என்றாள். வழி நான் போடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவள் அந்த ஒப்பந்தத்தைச் சொன்னாள்.

"ஜனவரியில நம்ம ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு அங்க ஒரு சாப்பாடு போடலாம். ரோட்டுப் பக்கம் சமைக்கணும், சாப்பாடு அந்தப் பக்கம் போய்ச் சேரணும். சேர்ந்துச்சுன்னா நிலம் இருக்கட்டும். சேரலைன்னா வித்துட்டு நாவலூர்ல ஃபிளாட். அப்புறம் பேச்சே கிடையாது."

சலீம் மச்சானைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பன்னிரண்டு அடி ஓடையைத் தாண்ட வைக்க முடியாதவனா நான்?

ஓடை காய்ந்து கிடந்த ஆடி மாதத்தில் வேலையை ஆரம்பித்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போல்ட்டும் நட்டும் அள்ளினேன். பழைய சாரப் பலகைகளும் அங்கேயே கிடைத்தன. பழைய இரும்புக் கடை ஒன்றில் இரண்டு ஐ-பீம் வாங்கினேன். நானும் வண்டியும் சேர்ந்தாலும் நானூறு கிலோவைத் தொட மாட்டோம். நான் போட்ட பீம் மேல் செங்கல் லாரியே போகலாம். குறுக்குச் சட்டங்களை வெல்டிங் செய்து, பலகை போட்டு முறுக்கி, மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்து, "அதிகபட்ச எடை 2 டன்" என்று ஒரு போர்டும் மாட்டினேன். அதைப் படிக்க அந்தப் பக்கம் யாரும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து நிலத்தில் எருமை வளர்க்கும் தனலட்சுமி அக்கா நான் போகும்போதெல்லாம் வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள் கேட்டார், "இன்னாத்துக்கு பாய் இத்தினி இரும்பு? ட்ரெயினு வுடப் போறியா?"

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்த பிறகு நஸ்ரீனை அழைத்துப் போய்க் காட்டினேன். அவள் பீமைப் பார்க்கவில்லை, பெயின்ட்டைப் பார்க்கவில்லை. நேராகப் பாலத்தின் முனைக்குப் போய், குனிந்து, கீழே தரையைப் பார்த்தாள்.

"பீம் எது மேல உட்கார்ந்திருக்கு?"

"தரை மேல."

"தரைன்னா?"

"தரைன்னா தரைதான். பூமி. பூமியை விட ஸ்ட்ராங்கா வேற என்ன இருக்கு?"

என் வாழ்க்கையில் நான் பேசிய வாக்கியங்களிலேயே மட்டமானது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் இதைச் சொல்வேன். அவள் தரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். (டெஸ்டிங் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள், குறித்து மட்டும் வைத்துக்கொள்வார்கள்.) நான் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் போனேன், வந்தேன். அந்த மாதத்தில் ஒரு இருபது முறையாவது போய் வந்திருப்பேன். ஒரு கீச்சுச் சத்தம் கூட இல்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்ததில் ஏரி நிரம்பி வழிந்தது. ஜனவரி பிறந்தும் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் ஸ்பேனரோடு போய் எல்லா போல்ட்டையும் ஒன்று விடாமல் முறுக்கினேன். அக்கரையில் இறங்கியபோது கால் செருப்போடு கணுக்கால் வரைக்கும் சேற்றில் புதைந்தது. காலைப் பிடுங்கி, செருப்பில் ஒட்டிய சேற்றைப் பாலத்தின் விளிம்பிலேயே வழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் போல்ட்டை முறுக்கப் போனேன். நான் எவ்வளவு கவனமானவன் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

விருந்து நாள். தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போய், தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்தார்கள். என் மாமியார் போகும்போது பிஸ்மி சொல்லிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்து நன்றாகத்தான் கட்டியிருக்கிறார் மாப்பிள்ளை என்றார். சலீம் மச்சான் மட்டும் ஒவ்வொரு பலகையிலும் குதிகாலால் ஓங்கி மிதித்துக்கொண்டு போனார். பாலம் அசையவில்லை. அவர் முகம்தான் கொஞ்சம் அசைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இக்கரையில் வேப்பமரத்தடியில் காதர் பாய் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர்தான் சமையல். அன்று ஏழு கிலோ அரிசி, ஏழு கிலோ ஆட்டுக்கறி. அந்த அளவுக்கான தேக்சா, அதாவது பிரியாணி அண்டா, வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், இருபது கிலோ வேகும் பெரிய தேக்சாவைக் கொண்டுவந்திருந்தார். பாதிக்கு மேல் காலி. தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து அப்பி அடைப்பார்கள் இல்லையா, அதோடு நிற்காமல், வண்டியில் போகிறது என்று நான் சொல்லியிருந்ததால், மூடியின் பிடியையும் தேக்சாவின் வளையங்களையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். தம் வைத்து நெருப்பைத் தள்ளியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாலு பேர வச்சி இத அப்படியே தூக்கினு பூடறேன். அஞ்சு நிமிசம் வேலை."

நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்கவா நான் ஐ-பீம் போட்டேன்? மாட்டவே மாட்டேன் என்றேன். தேக்சாவை ட்ரெய்லரில் ஏற்றச் சொன்னேன். அக்கரையில் முப்பது பேரும் எழுந்து நின்று பார்க்க, இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, வண்டியைக் கிளப்பினேன். சும்மா போகாமல் ஹார்ன் வேறு அடித்தேன்.

பாலத்தின் பாதி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. முக்கால்வாசி போனதும், எதிரே நின்றவர்கள் எல்லோரும் கொஞ்சம் உயரமாகிவிட்டது போலத் தெரிந்தது. அவர்கள் உயரவில்லை, நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கரை மண், சத்தமே போடாமல், ஊறிய ரஸ்க் மாதிரி பாலத்தின் முனையோடு தண்ணீருக்குள் சரிந்தது. நான் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் ஓடையில் விழுந்தேன். வண்டி மூக்கைத் தண்ணீரில் விட்டு நின்றது. ட்ரெய்லர் ஒருக்களித்தது. தேக்சா உருண்டு, தடால் என்று தண்ணீரில் விழுந்து, முழுகிப்போனது.

எழுந்து நின்று பார்த்தேன். பாலம் ஒரு முனை கரையிலும் ஒரு முனை தண்ணீரிலுமாக, பார்க்கில் இருக்கும் சறுக்குமரம் போலச் சாய்ந்து கிடந்தது. ஒரு பலகை பிளக்கவில்லை, ஒரு வெல்டிங் விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மொத்தக் குடும்பத்தையும் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "பாலம் உடையல."

அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். முழுகிய தேக்சா மேலே வந்திருந்தது. பாதி காலியாக, மாவு அடைத்து, கம்பி கட்டி, அடி கனமாக இருந்த அந்தப் பாத்திரம், நிமிர்ந்து உட்கார்ந்து மிதந்துகொண்டிருந்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தண்ணீர் போகும் பக்கமாகக் கிளம்பிவிட்டது.

காதர் பாய் கரண்டியும் கையுமாக இக்கரையில் ஓடினார். அக்கரையில் என் சொந்தக்காரர்கள் ஓடினார்கள். நடுவில் நான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடை வளைகிற இடத்தில் தனலட்சுமி அக்காவின் எருமைகள் தண்ணீரில் படுத்திருந்தன. தேக்சா நேராகப் போய் ஒரு எருமையின் முதுகில் முட்டி, அக்கரையோரமாக ஒதுங்கி நின்றது. எருமை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய், சோத்த தண்ணியில வுட்டுட்டு பாலத்தப் பாத்துகினு நின்னா எப்டி?"

தேக்சாவை அக்கரையில் தூக்கி வைத்தார்கள். காதர் பாய் நீந்தாத குறையாக வந்து சேர்ந்தார். கம்பியை அவிழ்த்து, மாவைத் தட்டி, மூடியைத் திறந்தார். ஆவி எழும்பியது. கூடவே வாசனை. ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை என்றார். முதலில் என் மாமியார்தான் சிரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் சேறு வழிய நின்றுகொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிலம் போய்விட்டது என்ற துக்கம் அதற்கும் மேலாக இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் சலீம் மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப ஃபிளாட்டுக்குச் சொல்லிடலாமா?" என்றார்.

"எதுக்கு?" என்றாள் நஸ்ரீன். "சாப்பாடு அந்தப் பக்கம் போய்ச் சேரணும்னுதானே சொன்னேன். சேர்ந்துடுச்சு. எப்படிச் சேரணும்னு நான் சொல்லவே இல்லையே."

மச்சான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. சாய்ந்த பாலத்திலேயே எல்லோரையும் கை பிடித்து இக்கரை ஏற்றிவிட்டு வீடு திரும்பும்போது, காரில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "எங்க அம்மா இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? ஃபிளாட்டுல லிஃப்ட்தான் இருக்கும். ஓடை இருக்காது."

அடுத்த கோடையில் அவளே நின்று இரண்டு கரையிலும் கருங்கல் கட்டினாள். மேலே அதே பீம், அதே பலகை. (அதே பீம் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.) ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி போய் வருகிறது. நாவலூருக்கு அவள் இன்னும் மூன்று மணி நேரம் போய் வந்துகொண்டுதான் இருக்கிறாள். அதற்கு ஈடாகக் காலை டிபன், மதியச் சாப்பாடு இரண்டையும் நான்தான் கட்டித் தருகிறேன், எந்தப் புகாரும் இல்லாமல்.

இந்த விவகாரத்தில் உருப்படியாக முன்னேறியவர் காதர் பாய் ஒருவர்தான். யாராவது கல்யாணச் சமையல் பேச வந்தால், தன் தம் ஓடையில் அரை மைல் மிதந்தும் சொட்டுத் தண்ணீர் போகவில்லை என்று சொல்கிறார். (நூறு அடி கூட இருக்காது.) செல்போனில் எடுத்த வீடியோவையும் காட்டுகிறார், அதில் பாதி நேரம் நான்தான் தெரிகிறேன். போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு நிக்காஹ். சாப்பாட்டு வரிசையில் நான் தட்டோடு நின்றபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் என்னைக் கை காட்டினார்.

"அந்தப் பாலத்தக் கட்டுனது இவருதான். இவரு மட்டும் ஒழுங்கா கட்டியிருந்தா, எனக்கு இன்னிக்கு இந்தப் பேரே கெடையாது."

பெரியவர் என் கையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினார். பாலம் உடையவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற நஸ்ரீன் என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்து, சாப்பிடுங்க என்றாள்.