அடுமனை வாயிலில் மோதிரப் போர்

வாழ்க அவள்! ஈஸ்டினும் விரைந்து பொங்கும் சினத்தாள், வெண்ணெய் உருகும் வெம்மையிலும் விதி உருகாத நெஞ்சினள், கருங்கூந்தல் முழுவதையும் வலைத்தொப்பிக்குள் சிறைவைத்த கொற்றத்தாள், ரொட்டிக்கடை திறப்பதென்று உறுதிகொண்ட நாள்முதல் அலுவலகம் அலுவலகமாகப் படையெடுத்துப் போய் முத்திரை முத்திரையாக வென்று மீண்ட வீரத்திருமகள் வாழ்க, வாழ்க! அவள் புகழ் பாட நா எழும்பும் இவ்வேளையில், மை காயாத ரப்பர் முத்திரைக்கும் ஆளில்லாத நாற்காலிக்கும் அதிதேவதையே, நீ எந்த மாடியில் எந்த அறையில் வீற்றிருந்தாலும், மதிய இடைவேளை முடிந்ததும் நேராக வந்து என் நாவில் அமர்க. கதை கொஞ்சம் நீளம்.

அப்பெருமகளின் ஆசை என்னவோ சிறியதுதான். தெருமுனையில் ஒரு கடை, உள்ளே ஓர் அடுப்பு, காலையில் சூடாக ரொட்டி, மாலையில் கேக். ஆனால் அச்சிற்றாசைக்கும் அவளுக்கும் நடுவே சட்டம் என்னும் மலைத்தொடர் குறுக்கே கிடந்தது. அவள் மலைத்தாளோ? மலைக்கவில்லை. தன் மேனியில் தொற்றுநோய் யாதொன்றும் இல்லையென்று மருத்துவர் கைப்பட எழுதி வாங்குவதற்காக, இருமுவோரும் தும்முவோரும் நெருங்கிய கூடத்தில் மூச்சடக்கித் தவமிருந்தாள். கடைக்குழாய் நீரைப் புட்டியிலடைத்து, பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல் மடியில் ஏந்தி, பேருந்தேறி ஆய்வுக்கூடம் சேர்த்து, குடிக்கத் தக்கதென்று சான்று கொணர்ந்தாள். இன்னும் ஒருமுறைகூட மூட்டாத அடுப்பைத் தீயணைப்புத் துறையினர் சுற்றிச் சுற்றி வந்து ஐயுற்று நோக்கியபோதும் முகம் கோணாது மோர் கொடுத்தாள். தராசுக்கு முத்திரை வாங்கினாள், பெயர்ப்பலகைக்கு அனுமதி வாங்கினாள், பலகையின் நீளம் கூடுதலென்றதும் பலகையையே அறுத்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பார்த்தாலே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

எஞ்சியது ஒன்றே. உணவுப் பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து, அடுமனையின் உள்ளே புகுந்து, கண்ணாரக் கண்டு, கையெழுத்திட வேண்டும். அவ்வதிகாரியோ மாற்றலாகிப் போகிறார். ஆய்வுக்கு வரும் அன்று மாலையோடு அந்தப் பகுதியை ஒப்படைக்கிறார். அடுத்து வருபவர் யார், எப்போது வருவார் என்பதை அலுவலக வாசலில் நின்ற காவலாளியும் அறிந்திலன். அவளோ பார்சல் கம்பெனியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். அன்று கையெழுத்து விழாவிட்டால், பூட்டிய கடைக்கு வாடகை கட்டிக்கொண்டு, பழைய மேலாளரிடமே போய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

இங்கே அவள் பூண்ட நோன்பொன்றையும் கூறல் வேண்டும். உணவுத் தொழில் செய்வோருக்கான பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து, ஆசிரியர் தும்மியதையும் குறித்துக்கொண்டு, தேர்வில் யாவரையும் புறங்கண்டவள் அவள். அவ்வகுப்பின் இறுதி நாளில் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறு ஒரு மறைமொழி அருளினார்: “மாவு பிசையற எடத்துக்குள்ள தொப்பி இல்லாம, வாட்ச்சு மோதிரத்தோட யாரையும் விடாதீங்க. ஆபீசரே வந்தாலும் விடாதீங்க. சில பேரு வேணும்னே சோதிச்சுப் பாப்பாங்க.” மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவளோ நெஞ்சில் கல்வெட்டாகப் பொறித்துக்கொண்டாள். நாத்தனார் அவளுக்குச் ‘சட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் கூப்பிட்டு வந்தாள்.

வந்தார் அவர். கோப்புப்பை துவளும் தோளர், அடுமனை பலவற்றின் அடுக்களைகளை ஊடுருவிய கண்ணர், கரப்பான் குலத்துக்குக் காலன், எலிப்புழுக்கையைத் தெருவிலிருந்தே முகர்ந்தறியும் நாசியர், வழியனுப்பு விழாவில் உண்ட மதியச் சாப்பாட்டால் சற்றே மந்தநடையர். கடையின் முன்னறையில் கணவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். துடைத்த நாற்காலியையே மீண்டும் துடைத்தான். அதிகாரி அமராமல் நேரே உள்வாயிலை நோக்கினார். அவ்வாயிலில், கைகழுவும் தொட்டிக்கு அருகே, தொப்பியும் முகமூடியும் காலணியுறையும் தட்டிலேந்தி நின்றாள் நம் தலைவி. அவர் தொப்பி அணிந்தார். முகமூடி அணிந்தார். காலணியுறை மாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணவனிடம் நீட்டினார். வாயிற்படியில் வலக்காலை வைக்கப் போனார்.

“சார், மோதிரம்.”

“மோதிரத்துக்கு என்னம்மா?”

“கழட்டணும் சார்.”

அந்தோ, அம்மோதிரம்! பச்சைக்கல் புடைத்தெழுந்த பொன்வளையம், அவருடைய மாமனார் மணநாளில் மருமகனுக்கு இட்டது. இட்ட நாளில் ஒல்லியாயிருந்த விரல், மாமியார் வீட்டு விருந்துகளால் நாளொரு சுற்றாய்ப் பருத்து, மோதிரத்தை இருகரையும் எழுப்பி நடுவிலே புதைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி சிரித்தார். “அது கழலாதும்மா. நான் என்ன மாவா பிசையப் போறேன்? உள்ள ஒரு சுத்து பாத்துட்டுக் கிளம்பறேன்.”

அப்போதுதான் அவள் நெஞ்சில் மின்னல் வெட்டியது. சோதனை! இதுதான் அந்தச் சோதனை! சிரித்த முகத்தோடு வந்து, ஏமாந்தவள் விலகி வழிவிட்டதும், ‘நகையோடு ஆளை உள்ளே விட்டாள்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகும் சூழ்ச்சி! உடனே இரு கைகளையும் நிலைச்சட்டத்தின் இருபுறமும் ஊன்றி, முகமூடிக்கு மேலே கண்கள் கனல, தெருவெங்கும் எதிரொலிக்க அவள் முழங்கினாள்: “மன்னிச்சிடுங்க சார். நகையோட யாரையும் உள்ள விடறதா இல்ல. நீங்க இல்ல, உங்க மேலதிகாரியே வந்தாலும் இதே பேச்சுதான்!”

கேட்ட அதிகாரிக்கு மூக்கு வியர்த்தது. உள்ளே விட இவ்வளவு தயங்குகிறாளே, உள்ளே என்னத்தை மறைத்து வைத்திருக்கிறாள்? எலியா? அழுகிய முட்டையா? அவரும் முழங்கினார்: “உள்ள பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது!” அவள் விடவில்லை: “மோதிரத்தோட உள்ள விட்டா, நீங்களே போட மாட்டீங்க!” இருவர் சொன்னதும் நியாயம். அதனால்தான் வழக்கு தீரவில்லை.

“கையுறை போட்டுக்கச் சொல்லேன்” என்று கணவன் சமாதானத் தூது நடத்தினான். போட்டார். புடைத்த பச்சைக்கல் கையுறையைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது. கிழிந்த கையுறையும் மாவில் விழத்தக்க அந்நியப் பொருளே என்று தலைவி தீர்ப்பளித்தாள். கணவன் திருதிருவென விழித்துவிட்டு நாற்காலியை மறுபடி துடைக்கப் போனான்.

எனவே முற்றுகை தொடங்கியது. தண்ணீர் தெறிக்குமென்று அதிகாரி பேண்ட்டின் கால்களை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டியருகே வலக்கையை நீட்டி, களப்பலிக்கு வந்த கடாவைப்போல் நின்றார். முழக்கம் கேட்டு ஓடிவந்த நாத்தனார் சோப்புநுரை பொங்கப் பொங்கத் தேய்த்தாள். மோதிரம் உருண்டது, ஆனால் கரை தாண்டவில்லை. தேங்காயெண்ணெய் வார்த்தனர், வழுக்கியது, வரவில்லை. தையல்நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி அதன்மேல் ஏற்றிக் கடத்தும் வித்தை தனக்குத் தெரியுமென்று நாத்தனார் முன்வந்தாள், விரல் கத்தரிக்காய் நிறம் கொண்டதும் அதிகாரி “ஐயோ, வேணாம்மா, விட்டுடு!” என்று அலறினார். இறுதியில் தலைவி அடுமனைக்குள் புகுந்து வெண்ணெய் கொணர்ந்தாள். போதவில்லை. மீண்டும் புகுந்தாள், மீண்டும் கொணர்ந்தாள். ஒவ்வொரு முறை புகும்போதும், உலகமே இடிந்து விழும் அவசரத்திலும், முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, நகக்கண் தேய்த்து, துடைத்து, தொப்பியைச் சரிசெய்த பிறகே படிதாண்டினாள்.

“அண்ணி, அவரு விரலு அழுகிப் போகுது, நீ இப்பத்தான் நகத்த தேய்க்கற!” என்று நாத்தனார் கத்தினாள்.

“தேய்க்காம எப்படிப் போறது?” என்றாள் அண்ணி, தேய்த்துக்கொண்டே.

பிறகு கணவன் அதிகாரியின் இடுப்பைப் பிடிக்க, நாத்தனார் மணிக்கட்டைப் பிடிக்க, தலைவி மோதிரத்தைப் பிடிக்க, மூவரும் ஏககாலத்தில் இழுத்த இழுப்பில், விண்டது பிணைப்பு, விடுபட்டது விரல், வெண்ணெய் சொட்டப் பறந்தது பொன்வளையம்! எங்கே பறந்தது? எவரும் கண்டிலர். நால்வரும் தரையில் கிடந்தனர்.

“உள்ளதான் போச்சு. என் கண்ணால பாத்தேன்” என்று சூளுரைத்தான் கணவன். அவன் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

மோதிரம் நீங்கிய அதிகாரிக்கு இப்போது யார் தடை? புகுந்தார். நடந்தா புகுந்தார்? மாமனாரிடம் என்ன பதில் சொல்வது என்ற பீதியில் மண்டியிட்டுத் தவழ்ந்து புகுந்தார். அடுப்பின் அடியில் கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் பார்த்தார், கரப்பான் இல்லை. மாவு மூட்டைகள் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் நின்றன, அவற்றின் பின்னே கைவிட்டுத் துழாவினார், தூசிகூட இல்லை. சன்னல் வலையைத் தடவினார், குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தார், சாக்கடைத் துளையின் சல்லடையைக் கழற்றி முகர்ந்தும் பார்த்தார். அவர் பணிக்காலத்தில் எந்த அடுமனையையும் இவ்வளவு நெருக்கமாகக் கண்டதில்லை. எல்லாம் பளிச்சென்று இருந்தது. மோதிரத்தை மட்டும் காணோம்.

மிஞ்சியது மேசைமேல் இருந்த மாவு. அன்று விடியலிலேயே பிசைந்து, அடுக்கடுக்காய் எழும்பி, ஈரத்துணியை விலக்கிக்கொண்டு நிலவுபோல் பொங்கி நின்ற பேருருண்டை. கையெழுத்து விழுந்ததும் முதல் ரொட்டியை அதில்தான் சுடுவதென்று வைத்திருந்தாள். அவள் அதைப் பிளந்தாள், பிட்டாள், சல்லடைபோட்டதுபோல் விரலிடுக்கில் விட்டுத் தேடினாள். மோதிரம் அதிலும் இல்லை.

“அதுலதான் இல்லல்ல, அப்படியே உருட்டிச் சுட்டுடு. நல்ல மாவும்மா” என்று அதிகாரியே சொன்னார்.

அவள் மாவைப் பார்த்தாள். இத்தனை மாதமாய் எந்த வரிசையிலும் எந்தச் சன்னலிலும் கலங்காத கண்கள் கலங்கின. “எங்க விழுந்துச்சுன்னு தெரியாம எப்படி சார் சுட்டு விக்கறது? யாராவது பல்ல ஒடச்சுக்கிட்டா?” என்று சொல்லிவிட்டு, பேருருண்டை முழுவதையும் தன் கையாலேயே குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு போய்க் கை கழுவினாள். சோப்பின் நுரையோடு கண்ணீரும் கலந்து போயிற்று. அப்போதும் நகக்கண்ணைத் தேய்த்தாள்.

அதிகாரி சுவரோரம் நின்று அதைப் பார்த்தார். மோதிரத்தை வைத்துத் தாம் சோதிப்பதாக அவள் நம்பியதும், எதையோ மறைக்கிறாள் என்று தாம் நம்பியதும் அந்த நேரத்தில் அவருக்கு விளங்கியிருக்கலாம். வெண்ணெய் வழியும் கையோடு மனிதனால் வேறென்னதான் நினைக்க முடியும்? மெல்ல வெளியே வந்து, கையெழுத்திடுவதற்காக நாற்காலியில் அமர்ந்து, மடித்துவிட்டிருந்த பேண்ட்டைக் கீழே இறக்கினார். மடிப்புக்குள்ளிருந்து பச்சைக்கல் பளபளக்க, ‘டிங்’ என்று தரையில் விழுந்தது மோதிரம்.

நால்வரும் அதைப் பார்த்தனர். குப்பைக்கூடையைப் பார்த்தனர். கணவன் மெதுவாகப் பின்வாங்கித் தெருவுக்குப் போனான்.

“மன்னிச்சுடும்மா” என்றார் அதிகாரி, உண்மையாகவே. பின்னர், முகில்கிழித்து இறங்கும் இடியென, வேந்தர் முடிசூட்டும் முரசென, எட்டுத் திசையும் காத்துக்கிடந்த அந்தப் பேனா முனை தாளைத் தொட்டது. முத்திரை எழுந்தது, தாழ்ந்தது, பதிந்தது. நாத்தனார் இனி முகத்துக்கு நேரேயே ‘சட்டம்’ என்று கூப்பிடப் போவதாகக் கூவி அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அண்ணியோ அவளை விலக்கி, வாசலில் நின்ற கணவனை ஈஸ்ட் வாங்கி வர விரட்டி, மூட்டையைச் சாய்த்து, மாவளந்து, நீரளந்து, தன்னந்தனியளாய்ப் புதிதாகப் பிசையத் தொடங்கினாள். வாழ்க அவள் தோள்வலி! வாழ்க அவள் நகக்கண்!

மறுநாள் கடை திறந்து, ஒரு ரொட்டி விற்றது.