அரைநாள் சார்

கணக்குத் தெரியாதவர்களைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். கணக்கும் தெரிந்து, எதை எந்த அளவில் எண்ணுவது என்ற உரிமையையும் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் ஒரு இனம் உண்டு. அதனிடம்தான் ஜாக்கிரதை தேவை. வேலை வாங்கும்போது நிமிடம், கூலி கொடுக்கும்போது நாள், பிடிக்கும்போது அரைநாள்!

மாமனாரின் தையல் கம்பெனிக்கு மேனேஜராக வந்த மாப்பிள்ளை இந்த இனத்தில் முதல்தரம். வந்த வாரமே, மணிக்கணக்கா, கால்மணிக்கணக்கா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கோடு போட்ட பேரேட்டைக் கிழித்துக் கிழித்து மறுபடி கோடு போட்டு, கடைசியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். காலை ஒன்பதுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அரைநாள் கட். சாயங்காலக் கூடுதல் வேலை முழு மணிநேரம் ஆனால்தான் ஏட்டில் ஏறும். ஐம்பத்தைந்து நிமிடமா? அது கம்பெனி மேல் வைத்த பாசம்.

அன்று பன்னிரண்டு மணிக்கு லாரி வருகிறது. நானூறு சீருடைச் சட்டைகள் போக வேண்டும். கடைசி நூறில் இன்னும் பொத்தான் ஓட்டை இல்லை. ஓட்டை போடும் காஜா மிஷினை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒரு அக்காதான். சரக்குத் தவறினால் மாமனார் நாற்காலியைப் பிடுங்கிவிடுவார் என்பது மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதரைக்கு அவர் ஆபீசுக்கு வந்து ஜன்னல் வழியே பார்த்தால், அக்கா எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சாலையைத் தாண்டி ஓடினார்.

"என்னக்கா, இங்க உக்காந்துட்டீங்க?"

"ஆறு நிமிஷம் லேட்டு சார். அரைநாள் போயிடுச்சு. மத்தியானம் வரேன்."

"அட, ஆறு நிமிஷம்தானே! அதுக்குப் போயி..."

"நிமிஷமா? அப்படி ஒரு கணக்கு நம்ம கம்பெனியில இருக்கா சார்?"

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஆறு நிமிஷத்துக்கு மட்டும் பிடிச்சுக்கறேன். வாங்க."

"போர்டுல எழுதிப் போட்டுட்டு வாங்க சார். சாயங்காலக் கூடுதல் வேலைக்கும் சேத்து. நான் டீயக் குடிச்சு முடிக்கறேன்."

எழுதினார். வேறு வழி? லாரி சரக்கோடு கிளம்பிற்று. மாலையில் வந்த மாமனார் போர்டை இரண்டு முறை படித்தார்.

"நிமிஷக்கணக்கா? நல்ல யோசனை மாப்ள. நாளையிலேர்ந்து நீங்க வர்ற நேரத்தையும் அதுலயே எழுதிடுவோம்."

மாப்பிள்ளை அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. பாவம்தான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பிறர் உங்களைக் காக்க வைத்தால் "ஒரு மணிநேரமா நிக்கறேன்" என்றும், நீங்கள் காக்க வைத்தால் "ரெண்டே நிமிஷம்" என்றும் சொல்வது யார்? இதைப் படிக்கத் தொடங்கியபோதே உள்ளேயிருந்து உங்களை யாரோ கூப்பிட்டார்களே, அது எவ்வளவு நேரம் முன்னால்? "இப்பதானே" என்கிறீர்கள். கூப்பிட்டவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.