சொருகாத ஒயரும் என் கீழ்க்குரலும்

மந்தாரக்குப்பம்,
மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும், நாற்குரல் குழுவின் முதற்குரலும், தற்போது கோயம்புத்தூரில் சௌக்கியமாக வசித்து வருபவருமான உயர்திரு பாலகுமார் அவர்களின் சமூகத்துக்கு, நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் ஓய்வூழியர் வெள்ளைச்சாமி எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன்; விரும்புகிறேன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. இங்கே உங்கள் அக்கா தேவயானி நலம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். மழை விட்டுவிட்டது. கொல்லையில் முருங்கை தழைத்திருக்கிறது. மரியாதைக்கு எழுதவேண்டியது இத்துடன் முடிந்தது.

இந்தக் கடிதத்தில் உங்களை 'மாப்பிள்ளை' என்று ஓரிடத்திலும் அழைக்கப்போவதில்லை. 'நீ' என்றும் எழுதப்போவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், கோபம் வீணாகிவிடும். காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

போன வாரம் யாரோ ஒரு பையனுடைய யூடியூப் சேனலில் உட்கார்ந்து, நம் குழுவைப் பற்றிப் பழைய நினைவுகள் பேசினீர்களே, அதை நான் பார்த்தேன். நான் மட்டுமா? ஓய்வூழியர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். முதலில் நன்றாகத்தான் போயிற்று. சினிமாப் பாட்டை அப்படியே பாடுகிற ஆர்கெஸ்ட்ராக்கள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில், நாலு பேர் நாலு மெட்டை ஒரே நேரத்தில் பாடி ஒன்றாக ஒலிக்கவைத்த கதையைச் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பையன், "கீழ்க்குரல் பாடுனவரைப் பத்திச் சொல்லுங்க சார்" என்றான். நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, "அவரு எங்க அத்தான். அவரு மைக்குக்கு மட்டும் எப்பவும் கனெக்‌ஷனே இருக்காது. இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது! யாரு அப்படிச் செய்யச் சொன்னதுன்னு மட்டும் கேட்றாதீங்க" என்றீர்கள்.

தெரியாதுதான் ஐயா. நீங்கள் சொன்னபிறகு தெரிந்துவிட்டது. எனக்கும், பால்காரருக்கும், டீக்கடையில் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நேற்று ரேஷன் கடை வரிசையில் ஒருவர், "என்ன சார், இன்னிக்காவது கனெக்‌ஷன் குடுத்தாங்களா?" என்று கேட்கிறார். அவரை நான் முன்பின் பார்த்ததே கிடையாது.

நான் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்கும் என்பதால் நினைவூட்டுகிறேன். பாளையங்கோட்டையில் படித்தபோது சர்ச் பாடகர் குழுவில் நின்று பழகிய ராஜ்மோகன்தான், நாலு குரலில் பாடுவது என்கிற யோசனையை டவுன்ஷிப்புக்குக் கொண்டுவந்தான். அவன் மேற்குரல், சிங்காரவேல் நடுக்குரல், மெட்டு உங்களுக்கு. எனக்கு, "அண்ணாச்சி, உங்க தொண்டைக்குக் கீழ்க்குரல்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி" என்றான். அஸ்திவாரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதை அவன் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீங்களும் ராஜ்மோகனும் ஜெனரல் ஷிப்ட் ஆபீஸ்காரர்கள். சாயங்காலம் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வருவீர்கள். நானும் சிங்காரவேலும் மாறும் ஷிப்ட். நான் செகண்ட் ஷிப்ட் முடித்து ஏறுகிற பஸ்ஸிலிருந்துதான் அவன் நைட் ஷிப்டுக்கு இறங்குவான். நாலு பேரும் ஒன்றாக நின்று பாடிய ஒத்திகை என்று ஒன்றை உங்களால் சொல்லமுடியுமா? மைன்ஸ் கேட்டில், நான் ஏற அவன் இறங்க, படிக்கட்டில் வைத்து ரெண்டு வரி பாடிப் பார்த்துக்கொள்வோம். "அண்ணே, நீங்க எறக்கிக்கினு போங்க, நான் புடிச்சிக்கினு வரேன்" என்பான். டிரைவர் ஹாரன் அடிப்பார். அதுதான் எங்கள் ஒத்திகை.

ஆகவே நான் தனியாகத்தான் பழகவேண்டியிருந்தது. கன்வேயர் பெல்ட் ஓடும்போது ஒரு ரீங்காரம் வருமே, அதுதான் என் சுருதிப் பெட்டி. பெல்ட் நின்றால் சூப்பர்வைசர் உற்பத்தி போயிற்றே என்று ஓடுவார், நான் சுருதி போயிற்றே என்று ஓடுவேன். குவார்ட்டர்ஸிலும் அதே பாடுதான். ராஜ்மோகன் எழுதிய 'பழுப்பு மண்ணே வெளிச்சம் தா' பாட்டில் உங்களுக்குப் பக்கம் பக்கமாக வரிகள். எனக்கு என்ன? 'ம்ம்ம்... மண்ணே... ம்ம்ம்... தா.' அவ்வளவுதான். இதை ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு நாள் தவறாமல் பாடினால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? மாடிவீட்டுக்காரர் எனக்கு வயிற்றுவலி என்று முடிவுசெய்து ஓம வாட்டர் பாட்டிலோடு இறங்கி வந்தார். இது பாட்டு என்று சொன்னேன். "பரவால்ல, இதைக் குடிச்சிட்டுப் பாடுங்க" என்று பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். தொண்டைக்கு ஆகாது என்று நெய்வேலிக் கத்திரி வெயிலில் மோர் குடிக்காமல் இருந்தேன். பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலாப்பழம் தொடாமல் இருந்தேன். வீடு முழுக்கப் பலா வாசனை அடிக்கும், உங்கள் அக்காவும் குழந்தை சத்யப்பிரியாவும் சுளை சுளையாகச் சாப்பிடுவார்கள், நான் மிளகு மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருக்காக? சொருகாத ஒயருக்காக!

முதல் நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? டவுன்ஷிப் மன்றத்தில் பொங்கல் விழா. பாடும்போது கூட்டம் சிரித்தது. சிங்காரவேலின் பேண்ட்டில் தையல் விட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நாம் நால்வரும் சேர்ந்து முடிவுசெய்தோம். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, மத்த மூணு பேரும் நல்லாப் பாடுறாங்க. நீங்க மட்டும் வேற எங்கேயோ போறீங்க" என்றார். வேறு எங்கேயோ போவதுதான் என் வேலை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? ஆனால் அடுத்த நிகழ்ச்சியிலிருந்து ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன் ஐயா! மோரை விட்டது வீண்போகவில்லை என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. திருவதிகையில் திருவிழாக் கச்சேரி. தூறலில் மேடை நனைந்து, மைக்கில் ஷாக் அடித்தது. நீங்கள் துள்ளினீர்கள். ராஜ்மோகன் மேற்குரலில் அதுவரை எட்டாத ஸ்வரத்தை எட்டினான். சிங்காரவேல், "ஐயோ, சுர்ருங்குதுடா" என்று மைக்கிலேயே சொன்னான். நான் மட்டும் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, 'மண்ணே' என்று இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கியதும், "எப்படி அத்தான் உங்களுக்கு மட்டும் அடிக்கல?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டீர்கள். மைன்ஸ் பூட்ஸ் போட்டிருக்கிறேன், ரப்பர் அடி என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினீர்கள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தலை நன்றாக ஆடுகிறது.

விசாரிக்காமல் ஒருவர்மேல் பழி போடக்கூடாது என்று மைக் செட் அய்யாசாமியைத் தேடிப் போனேன். இங்கேதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மகன் வீட்டில் இருக்கிறார். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒப்புக்கொண்டார்.

"ஆமாங்க, ஒங்க மைக்குக்கு மட்டும் ஒயரு சொருவ மாட்டேங்க. ஒயர மேடக்கி அடியில வுட்ருவேன். நீங்க பாட்டுக்குப் பாடிக்கினு இருப்பீங்க. பாக்கவே பாவமாத்தாங்க இருக்கும்."

"யாரய்யா அப்படிச் செய்யச் சொன்னது?"

"அத்த மட்டும் கேக்காதீங்க. ஒங்க வூட்டு மனுசங்கதான். சத்தியம் வாங்கிக்கினாங்க."

என் வீட்டு மனிதர்! மேடையில் என்னோடு நின்ற என் வீட்டு மனிதர் வேறு யார்? என் கல்யாணத்தில் மெட்டி போட்டுவிட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், என் குவார்ட்டர்ஸில் தங்கி வேலை தேடியவர், என் தட்டில் இருந்த வடையை எடுத்துத் தின்றவர். அவருக்கு என் குரல் இடைஞ்சலாக இருந்திருக்கிறது. தன் மெட்டு மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். என்னிடமே சொல்லியிருக்கலாமே பாலு? "அத்தான், உங்களுக்குப் பாட்டு வரல, விட்டுருங்க" என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், மோராவது குடித்திருப்பேன். நான் என்ன பெரிய வித்வானா? மைன்ஸில் என்னைப் போல ஆயிரம் பேர் பெல்ட் பார்த்தார்கள். மேடையில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் வேறு ஒருவனாக இருந்தேன். ரிட்டையர்மெண்ட் விழாவில், 'நல்ல பாடகர்' என்று சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நேற்று பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். யாருமே கேட்காத பாட்டைப் பாடியவனுக்கு இது எதற்கு? என்னால் தாங்கமுடியவில்லை, மாப்பிள்ளை.

மேலே 'பாலு' என்றும் 'மாப்பிள்ளை' என்றும் எழுதிவிட்டேன். அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும்.

இப்போது முடிவாகச் சொல்கிறேன். வருகிற பொங்கல் விழாவில் பழைய நாற்குரல் குழு மறுபடியும் பாடவேண்டும் என்று மன்றத்தில் கேட்டிருக்கிறார்கள், நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். நான் வரமாட்டேன். நோட்டீஸில் என் பெயர் இருந்தால் எடுத்துவிடவும். முக்குரல் என்று போட்டுக்கொள்ளுங்கள், உண்மையில் அதுதானே நடந்தது. ராஜ்மோகன் நாகர்கோவிலில் இருந்து போன் செய்து கெஞ்சினாலும், சிங்காரவேல் கம்மாபுரத்திலிருந்து நேரிலேயே வந்து நின்றாலும் என் முடிவு மாறாது. இனி என் வாழ்நாளில் 'மண்ணே' என்கிற சொல்லை நான் உச்சரிக்கப்போவதில்லை. பூந்தொட்டிக்கு மண் வாங்குவதானாலும் உங்கள் அக்காதான் போய்க் கேட்கவேண்டும்.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது பிறர் மைக்கில் கை வைக்காதவர்களாக வளரட்டும். தங்களுக்கு எல்லாம் வல்ல இறைவன் நீண்ட ஆயுளும், செய்ததை நினைத்துப் பார்க்கும்படி நல்ல ஞாபகசக்தியும் அருள்வானாக.

இப்படிக்கு,
முன்னாள் கீழ்க்குரல்,
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். உன் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கீரையைப் பார்த்துக்கொண்டே, "இதைத் தபால்ல போடாதீங்க. அய்யாசாமிகிட்ட சொன்னது நான்தான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். "மொத தடவை பாடுனீங்களே, என் பின்னாடி இருந்த பொம்பளைங்க எல்லாம் உங்களப் பாத்துத்தான் சிரிச்சாங்க. 'யாருடி அது உறுமுறது'ன்னு கேட்டாங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு உருகி உருகிப் பாடிக்கிட்டிருந்தீங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. மறுநாளே போய்ச் சொல்லிட்டேன். தம்பிகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

"அப்ப என் பாட்ட இத்தனை வருஷமா ஒருத்தருமே கேக்கல, அப்படித்தானே?" என்று கேட்டேன்.

அவள் கீரையை உருவிக்கொண்டே பாடினாள். 'ம்ம்ம்... மண்ணே... ம்ம்ம்... தா.' முதலிலிருந்து கடைசி வரைக்கும், என் கீழ்க்குரலை மட்டும், ஓரிடம் பிசகாமல். நான் மூச்சு எடுக்கிற இடத்தில் அவளும் மூச்சு எடுத்தாள். "எங்களுக்குப் பாட்டுன்னா இதுதான். வீட்டுல தெனம் இதைத்தானே கேட்டோம்? நீங்க நைட் ஷிப்ட் போனா சத்யப்பிரியா தூங்க மாட்டா. இதைப் பாடித்தான் தூங்க வைப்பேன். தம்பி பாடுறது எனக்கு ஞாபகமே இல்ல, குறுக்க எதையோ பாடுவான்" என்றாள். நான் பசையைத் தேடுகிறவன் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பசை என் கையில்தான் இருந்தது.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆறு பக்கத்தை மறுபடி எழுதக் கை ஒத்துழைக்காது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். ஒத்திகை என்றைக்கு என்று எழுது. இப்போது யாருக்கும் ஷிப்ட் இல்லை, நாலு பேரும் ஒன்றாகப் பாடிப் பார்க்கலாம். இன்றிலிருந்து மோரை நிறுத்திவிட்டேன். மேடையில் என் மைக்குக்கு ஒயர் இருக்கவேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். உன் அக்காவுக்கு மட்டும் மைக் செட்டுக்குக் கை எட்டாத இடமாகப் பார்த்து, முதல் வரிசையில் எனக்கு நேர் எதிரே நாற்காலி போடச் சொல்.