தூக்கம் வந்த மணி, நிமிடம், சாட்சி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, முப்பது வருஷம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தேய்ந்த இந்த வலது கையின் மேல் சத்தியம் செய்கிறேன். உலகத்தில் நேர்மை என்று ஒன்று மிச்சமிருப்பதே எங்கள் எடைக்கல் சோதனை அலுவலகத்தால்தான். அதுவே ஒரு மனிதரின் தூக்கத்தால் கவிழப் பார்த்தது.

அவர் முத்திரை எழுத்தர். குன்றிமணி அளவு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவதால் பட்டப்பெயர் 'குன்றிமணி'. அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல், அரைக் கிலோ கல்லில் ஒரு கிலோ முத்திரையை அடித்துவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா முத்திரையை வாங்கிக்கிட்டு, உங்களைப் பழைய சாமான் கிடங்குக்கு அனுப்பிடுவேன்" என்றார் மேலாளர்.

குன்றிமணி ஆடிப்போனார். முத்திரை இல்லாத குன்றிமணியை வீட்டில்கூட யார் மதிப்பார்கள்?

ஓடினார் தூக்க மருத்துவரிடம். அவர் பொறுமைசாலி. மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது, படுக்கையில் போன் கூடாது, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு நோட்டையும் கொடுத்தார்.

"எத்தனை மணிக்குத் தூங்கினீங்கன்னு காலைல தோராயமா எழுதுங்க, போதும்."

'தோராயமா'! எங்கள் அலுவலகத்தில் அது கெட்ட வார்த்தை.

குன்றிமணி நோட்டில் கோடு கிழித்து மூன்று கட்டம் போட்டார்: மணி, நிமிடம், சாட்சி. கடிகாரத்தைப் பார்த்தபடியே படுத்தார். தூக்கம் வந்தது. குறித்துக்கொள்ள எழுந்தார். போய்விட்டது. மறுநாள் மனைவியையே சாட்சியாக நியமித்தார். நாலாம் நாள் காலையில் அந்த அம்மாளின் கண் கோவைப்பழம்.

"ரெண்டு பத்துக்குக் கண்ணை மூடினீங்க. எழுதிட்டேன்."

"மூடினேன். தூங்கலை. நீ ஒழுங்கா எழுதுறியான்னு கவனிச்சிட்டிருந்தேன்."

"நல்லா கவனிச்சீங்க. நான் தூங்கறதுக்கு யாருங்க சாட்சி?"

"நீ தூங்கினியா?"

"எங்க விட்டீங்க?"

விஷயம் மேலாளர் காதுக்கு எட்டியது. கருணைக் கடல் அவர். அன்றே 'ஊழியர் உறக்க நல்வாழ்வுக் குழு' பிறந்தது, சுற்றறிக்கை பறந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம், வராதவர்களுக்கு விளக்கக் கடிதம். தலைப்பு: 'விழிப்புடன் உறங்குவோம்'.

மேலாளர் உறக்கத்தின் வகைகளைச் சொன்னார். வகைகளின் உட்பிரிவுகளைச் சொன்னார். உட்பிரிவுகளுக்கான இணைப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். கணக்காளர் சுவரில் சாய்ந்தார். தட்டச்சு அம்மாள் கைப்பையில் சாய்ந்தார். குன்றிமணியின் தாடை மெல்ல நெஞ்சில் இறங்கியது. பிறகு குறட்டை. மேஜை மேலிருந்த எடைக்கற்கள் அதிர்ந்தன.

நோட்டில் செல்லுபடியாகும் முதல் பதிவு ஏறியது: பத்து மணி, பதினேழு நிமிடம். சாட்சிக் கையெழுத்துடன்.

மருத்துவரே அசந்துவிட்டார். "இவ்வளவு துல்லியமா யாரும் எழுதினதில்லைங்க. எந்த மாத்திரையும் இல்லாம எப்படித் தூங்கினீங்க?"

"அலுவல் நிமித்தமா, டாக்டர்."

குழுவின் மகத்தான வெற்றி என்று மேலாளர் அறிக்கை அனுப்பினார். குன்றிமணியின் முத்திரை பிழைத்தது. கூட்டம் நடந்த அன்று மத்தியானமே அவர் இருநூறு எடைக்கற்களுக்கு முத்திரை அடித்துக் கடைகளுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் சாட்சி உண்டு.

நோட்டிலும் பதிவேட்டிலும் உள்ள சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்று பத்து மணி நாலு நிமிடத்திலிருந்து, சாயங்காலம் காவலாளி வந்து எழுப்பும்வரை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.