தலைவர் கம்பெடுத்த கதை

"இதுல எந்தப் பந்தை மாப்ள அடிக்கோணும்?" என்று கேட்டார் தனபால்.

"வெள்ளையைத்தானுங்க மாமா" என்றான் மச்சினன் ஜெகதீஸ்வரன்.

கழுத்தில் 'பயிற்சியாளர்' என்ற அட்டை தொங்கியதே தவிர, அவனுக்குத் தெரிந்ததும் அந்த ஒரு பந்துதான்.

தனபால் மோகனூர்க் கோழிப்பண்ணைக்காரர். ஸ்னூக்கர் சங்கத்துக்கு அசைக்க முடியாத தலைவர். பல நாடுகள் கூடும் நட்புறவு விளையாட்டு விழாவுக்கு அணி கிளம்பியபோது, மனைவி பிரவீனா பிசியோதெரபிஸ்ட், மச்சினன் பயிற்சியாளர், பண்ணைக்கு வந்துபோகும் கால்நடை டாக்டர் அர்த்தநாரி அணி மருத்துவர் என்று இடமெல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடம் மாமனாருக்கா, நாமகிரிப்பேட்டைக் கைலாசத்துக்கா என்று கேள்வி வந்தது. அணியில் ஸ்னூக்கர் ஆடத் தெரிந்த ஒரே ஆள் கைலாசம்தான். மாமனார் விமானம் ஏறினார்.

ஆட்டக்காரருக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பது திட்டம். விழாக்காரர்களோ கறாரான ஆட்கள். ஆட்டக்காரர் மேசைக்கு வரவில்லை என்றால் சங்கத்தின் அங்கீகாரம் ரத்து என்றுவிட்டார்கள். சங்கமே போனால் தலைவர் பதவி ஏது? தனபால் வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஸ்வரன் முந்திக்கொண்டு, "இவருதான் எங்க ஆட்டக்காரர்" என்று தலைவரையே கைகாட்டிவிட்டான்.

தனபால் கழிவறைக்குள் ஓடிப்போய்க் கைலாசத்துக்குப் போன் போட்டார்.

"கைலாசம், மானம் போவாம சீக்கிரமாத் தோக்கறதுக்கு வழி சொல்லுப்பா."

"அதுக்கெதுக்குங்க தலைவரே வழி? சும்மா அடிங்க போதும்" என்று போனை வைத்துவிட்டான் கைலாசம். கோபம் இருக்காதா பின்னே?

எதிராளி ஏதோ ஒரு தீவு நாட்டுக்காரர். கறுப்பு வெயிஸ்ட் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையுமாக வந்து நின்ற கம்பீரத்தைப் பார்த்தே தனபால் இரண்டடி பின்வாங்கினார். மனிதர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒற்றைக் கண்ணை மூடினார். கடைசியில் வெள்ளைப் பந்தை லேசாகத் தட்டினார். அது சிவப்புப் பந்துகளை உரசியும் உரசாமலும் நின்றது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் உருகினார்.

"அபாரமான தற்காப்பாம் சார்" என்றாள் மொழிபெயர்க்க வந்த இலக்கியா. கெங்கவல்லிப் பெண், அந்த ஊரில் படிக்கிறவள்.

தோற்றால் போதும் என்று தனபால் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்துகள் நாலாபக்கமும் சிதறின. அவற்றில் ஒரு சிவப்பு, யாரும் கூப்பிடாமலே போய்ப் பைக்குள் விழுந்தது. அரங்கம் கைதட்டியது. எதிராளி தலை வணங்கினார்.

"என்னுங்க பண்ணித் தொலைச்சீங்க?" என்று பல்லைக் கடித்தாள் பிரவீனா.

அடுத்த முறை வேண்டுமென்றே சோனியாகத் தட்டினார். வெள்ளைப் பந்து சோம்பலாக உருண்டு, மஞ்சள் பந்தைத் தொட்டு, அதன் முதுகுக்குப் பின்னாலேயே பதுங்கிக்கொண்டது. அடுத்துச் சிவப்பைத்தான் முதலில் தொட்டாக வேண்டிய எதிராளிக்கு அங்கே போக வழியே இல்லை. இப்போது அரங்கமே எழுந்து நின்றது.

இனிப் பொறுப்பதில்லை என்று தனபால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அர்த்தநாரி ஓடி வந்து இமையை விலக்கிப் பார்த்தார்.

"டாக்டரே, இவரால ஆட முடியாதுன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள் பிரவீனா.

"மத்ததுகளுக்குப் பரவாம தனியா அடைச்சு வெக்கோணும்" என்றார் அர்த்தநாரி, பழக்கதோஷத்தில்.

அதை மொழிபெயர்க்கலாமா கூடாதா என்று இலக்கியா விழித்துக்கொண்டிருக்கும்போதே, எதிராளி கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக வந்தார். தனபாலின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டாராம். தனபால் அரையிறுதிக்குப் போய்விட்டாராம். நாளைக்கு டிவியில் நேரடி ஒளிபரப்பாம்.

தனபாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, அத்தனை நல்லா ஆடுன மனுசன் எதுக்கு உட்டுக்குடுத்தாரு? செத்தக் கேட்டுச் சொல்லு."

இலக்கியா போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவரும் அவங்க நாட்டுச் சங்கத்துக்குத் தலைவர்தானாம் சார். 'ஒரு நாடாவது நெஜ ஆட்டக்காரரை அனுப்பியிருக்கே'ன்னு உங்களைப் பாத்து அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சாம்."