சனிக்கிழமைக் கூழும் ஆமிக் கத்தியும்

எந்தப் பொருளையும் தீர ஆராய்ந்த பின்னரே வாங்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே, அந்தக் கத்தியை வாங்குவதற்கு முன்னர் பதினெட்டுக் காணொளிகளைப் பார்த்து முடித்தேன். மடங்காத அலகு. பிடியின் அடிவரை ஓடும் ஒரே இரும்பு. மினுங்காத கறுப்புப் பூச்சு. இடுப்பில் கட்ட உறை. இராணுவத்தினர் இடுப்பில் செருகுவது போன்றது என்பதால் பசாரில் அதன் பெயர் ஆமிக் கத்தி.

நானோ மன்னாரில் ஒரு கந்தோரில் கோப்புக் கட்டுபவன். இத்தீவில் என்னை எதிர்த்து வரக்கூடிய மிருகம் கழுதை ஒன்றுதான். அதுவும் பாதி நாள் நடுத்தெருவில் நின்றபடியே உறங்குகிறது. இருந்தாலும் ஆசை ஆசைதான்.

வலையும் தூண்டிலும் விற்கும் ஷிஹாப் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். "திங்கட்கிழமை வரைக்கும் வீட்டில வச்சுப் பாருங்க சேர். பிடிச்சா எடுங்க. பிடிக்காட்டித் திருப்பித் தாங்க."

இனி வேண்டியது என் மனைவி அன்ரோனெற்றின் ஓர் ‘ஓம்’ மட்டுமே. உறையிலிருந்து மெதுவாக உருவிக் காட்டினேன்.

"இது என்னத்துக்கு?"

"ஆபத்து வேளைக்கு."

"என்ன ஆபத்து?"

"ஆபத்து என்ன, சொல்லிப்போட்டோ வரும்?"

"உங்கட கையில இது இருந்தால் சொல்லாமலே வரும்."

"பகிடி விடாதையும். நான் முறையாச் சோதிச்சுத்தான் எடுக்கப் போறன். இஞ்ச பாரும், எழுதியே வச்சிருக்கிறன்."

சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, கண்ணாடியை மாட்டி, என் பட்டியலை வரிவரியாகப் படித்தாள்.

"ஈரக் கையில வழுக்குதோ எண்டு எப்பிடிப் பாப்பீங்கள்?"

"கையைத் தண்ணியில நனைச்சு."

"தண்ணி ஒரு சோதனையோ? மீன் வழுவழுப்பில நிண்டால்தான் அது பிடி. நாளைக்கு எடித் அக்காவையள் மீன்கூழ் குடிக்க வருகினம். ஏழு பாரை மீன் வரும். நீங்கள் வெட்டுங்கோ, நான் புள்ளி போடுறன்."

பொருளை விளங்கிக்கொள்ளும் மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கிறாள்? நெகிழ்ந்துபோனேன்.

சனி காலை, முருங்கை மர நிழலில் சோதனை ஆரம்பமாயிற்று. ஏழு பாரையையும் செதில் நீக்கித் துண்டமாக்கினேன். பிடி அசையவில்லை. என் மீசையில்தான் செதில் ஒட்டியிருந்தது.

"பத்துக்குப் பத்து," என்றாள். "அலகில பல்லு விழுமோ எண்டு பாக்க வேண்டாமே? நண்டுக் கால் இருக்கு."

உடைத்தேன். பல் விழவில்லை.

"பாரமான வேலைக்கு மரவள்ளி. நுணுக்கமான வேலைக்குப் பயித்தங்காய். எல்லாத் துண்டும் ஒரே அளவா வரோணும், இல்லாட்டிப் புள்ளி குறைப்பன்."

வரச் செய்தேன். பலாக்கொட்டையையும் சீவினேன். இடுப்பு முறிவது போலிருந்தது.

"களைச்சிட்டன், அன்ரோனெற்."

"அதுதான் வேணும். சண்டைக்குப் போறவன் களைக்க மாட்டானே? களைச்ச கையிலயும் வெட்டுதோ எண்டு பாப்பம். கூழ் வாக்கிறதுக்குப் பனையோலைப் பிளா வேணும். இருபதுக்கு ஓலை நறுக்குங்கோ."

இந்த நுட்பம் பதினெட்டுக் காணொளிகளில் ஒன்றிலும் இல்லை. வியந்துகொண்டே நறுக்கினேன்.

மத்தியானம் எடித் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். பிளாவை நிமிர்த்தி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"பயித்தங்காய் எல்லாம் அளந்து வெட்டின மாதிரி இருக்கு. ஆர் வெட்டினது?"

"எங்கட இவர்தான்."

"பஸ்ரியனோ? எங்கட வீட்டு ஆம்பிளையள் கூழுக்கு வாயைத் தவிர வேற ஒண்டும் கொண்டு வாறேல்லையே."

நான் தலைகுனிந்து அடக்கமாகச் சிரித்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பொதுப் பாராட்டு அது.

விருந்தினர் போனதும் அன்ரோனெற் புள்ளித்தாளைக் கொணர்ந்து நீட்டினாள். நூற்றுக்கு நூறு.

"ஒரு குறையும் சொல்லேலாது. வாங்குங்கோ."

"உண்மையாவோ?"

"ஓம். இப்பிடி ஒரு கத்தியை விடலாமே? வாற சனி றோஸ்மேரி மச்சாள் வீட்டில கூழ். இவர் கத்தியோட வருவார் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கடுத்த கிழமை எடித் அக்கா வீடு. கோயில் பெருநாளுக்கு முந்நூறு பேருக்குச் சமையல். வெங்காயத்துக்கு ஆள் தேட வேண்டாமெண்டு பங்குச் சுவாமிக்கும் அறிவிச்சாச்சு."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். நான்கு கொப்புளங்கள். முந்நூறு பேருக்கு எத்தனை வெங்காயம் என்று கணக்கிட முயன்றபோதே கண் கலங்கியது.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே கத்தியைத் திருப்பிக் கொடுக்க வாசலில் நின்றேன். ஷிஹாப் கத்தியை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. அவர் முகம் வாடியது.

"என்ன குறை கண்டீங்க சேர்? அடுத்து வாங்க வாற ஆளுக்கு நான் உண்மையைச் சொல்லோணும்தானே."

"நல்லா வெட்டுது," என்றேன்.